காதுக்குள் ஒரு சுமைதூக்கி

காது கேட்காத குழந்தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் தாயைத்தான் பிடிப்பார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாளாம். நிறைமாசத்தில் உப்பளத்துக்குப் போனாளாம். டீசல் இன்ஜின் ஓடுகிற கொட்டகையில் படுத்துத் தூங்கினாளாம். வீட்டில் ஒருவர் ஆரம்பித்து வைத்தால் தெருவில் நாலு பேர் சேர்த்துக்கொள்வார்கள். என் அம்மாவும் இதையெல்லாம் கேட்டுக் கேட்டே வாழ்ந்தவள். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

மரக்காணம் வட்டாரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிறப்பாசிரியை நான். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடக்கும்போது வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியல்களை உயர்த்துகிற ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில்தான் எனக்கு வேலை.

அப்படி ஒரு தெருவில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அப்பா உப்பளத்தில் கூலி. அம்மா அவருக்குச் சொந்த அக்கா மகள். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோதே அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காட்டிய இடத்தில் “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஆயாவும், “இவங்கப்பனே மூணு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தான்” என்று தள்ளிப்போட்டாள். ஒருவழியாக முறையான பரிசோதனை நடந்து, மரபணு அறிக்கையும் வந்து சேர்ந்தது. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் அதை அந்தத் தாய் மடித்து வைத்திருந்தாள். அத்தனை பக்கமும் ஆங்கிலம். நடுவில் தடித்த எழுத்தில் ஒரு மரபணுவின் பெயர்: மயோ-15ஏ.

“டீச்சர், என் மேல தப்புன்னு இதுல எழுதியிருக்கா?”

எழுதவில்லை. எழுதியிருப்பது என்னவென்று தெரிந்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அவளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒலி செவிப்பறையில் மோதுகிறது. அங்கிருந்து மூன்று சின்ன எலும்புகள் வழியாக உட்செவிக்குப் போகிறது. உட்செவியில் சுருண்டு கிடக்கும் காக்ளியாவை, பள்ளிக்கூடத்தில் நத்தை எலும்பு என்று படித்திருப்போம். அதற்குள் திரவம். அந்தத் திரவத்தின் அசைவை மின்சாரமாக மாற்றி நரம்பிடம் ஒப்படைப்பவை மயிர்ச்செல்கள். ஒரு காதில் உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் 12,000. அவ்வளவுதான். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடிக்கு மேல் இருக்கும்போது, காது இந்தச் சில ஆயிரத்தை வைத்துக்கொண்டுதான் தாலாட்டையும் லாரி ஹாரனையும் பிரித்துச் சொல்கிறது. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது.

மயிர்ச்செல் என்று பெயரே தவிர அதில் இருப்பது மயிர் இல்லை. செல்லின் தலைப்பக்கம் கொத்தாக நிற்கும் நுண்ணிய இழைகள். ஆக்டின் என்ற புரதத்தால் ஆன நார்கள் ஒவ்வொரு இழைக்குள்ளும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நீளமோ சில மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். இந்த இழைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதில்லை என்பதுதான் முக்கியமான சங்கதி. குட்டை, நடுத்தரம், நெட்டை என்று வரிசை வரிசையாகப் படிக்கட்டாக நிற்கின்றன. குட்டை இழையின் நுனியிலிருந்து அடுத்த நெட்டை இழையின் பக்கவாட்டுக்கு ஒரு மெல்லிய இணைப்பு ஓடுகிறது. ஒலியின் அதிர்வில் கொத்து நெட்டைப் பக்கம் சாய்ந்தால் அந்த இணைப்பு இறுகி, நுனியில் இருக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

வாசல் திறந்ததும் உள்ளே பாய்வது என்ன? உப்பளத்து ஆட்களிடம் சொன்னால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். பொட்டாசியம். நம் ரத்தத்தில் சோடியம் மிகுதி, பொட்டாசியம் குறைவு. கண்ணீரில் உப்புக் கரிப்பதற்கும் முக்கியக் காரணம் சோடியம் உப்புதான். ஆனால் இந்த இழைகள் மூழ்கியிருக்கும் திரவத்தில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். செல்லுக்கு வெளியே இருக்கிற திரவங்களில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். எங்கள் பாத்தியில் படிந்து நாங்கள் வாரி எடுப்பது சோடியம் உப்பு. வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கும். அந்தத் தண்ணீரை நாங்கள் வடிய விட்டுவிடுவோம். காது அந்தப் பொட்டாசியத்தைத்தான் விலைமதிப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறது, அதுவும் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் ஏற்றி. வாசல் திறந்த கணத்தில் அது செல்லுக்குள் பாய, செல் நரம்புக்குச் செய்தி அனுப்புகிறது.

படிக்கட்டு அமையாவிட்டால் இணைப்பு இறுகாது. இணைப்பு இறுகாவிட்டால் வாசல் சரியாகத் திறக்காது. திரவம் இருக்கிறது, நரம்பு இருக்கிறது, செல்லும் பிழைத்திருக்கிறது. செய்தி மட்டும் போவதில்லை. அந்தக் குழந்தையின் காதில் நடந்தது இதுதான்.

சரி, படிக்கட்டைக் கட்டுவது யார்?

தாய் வயிற்றில் காக்ளியா உருவாகும்போது இழைகள் எல்லாமே குட்டையாகத்தான் முளைக்கின்றன. பிறகு ஒவ்வொரு வரிசையும் தனக்குரிய உயரத்துக்கு வளர்கிறது. இழை வளர்வது அடியிலிருந்து அல்ல, நுனியிலிருந்து. நுனியில் ஆக்டின் சேரச் சேர இழை நீளும். அப்படிச் சேர்வதற்கு வேண்டிய புரதங்கள் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். விர்லின், ஈபிஎஸ்8 என்று அவற்றுக்குப் பெயர். அவற்றைச் சுமந்துகொண்டு போகிற புரதம்தான் மயோசின்-15. மயோ-15ஏ என்ற மரபணு அந்தப் புரதத்துக்கான செய்முறை.

மயோசின் புதிய ஆள் இல்லை. நாம் கையை மடக்கும்போது தசையை இழுப்பதும் மயோசின் குடும்பத்துப் புரதம்தான். மனித உடம்பில் மயோசின் மரபணுக்கள் ஏறக்குறைய 40. இவற்றை இயக்கப் புரதங்கள் என்கிறார்கள். மயோசின்கள் செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து அசைவை உண்டாக்குகின்றன. மயோசின்-15க்கு ஒரு தலை, ஒரு வால். தலை ஆக்டின் நாரைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. வால் சரக்கைப் பிடித்துக்கொள்கிறது.

இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, ஓர் ஆள் நடக்கிற அகலமே உள்ள வரப்பில் நடந்து, மேட்டில் இருக்கும் குவியலின் உச்சிக்கு ஏறிக் கொட்டிவிட்டு வருகிறவள் அவள். குவியல் உயர்வது அந்த நடையால்தான். பாத்தியில் உப்பு விளைந்து கிடந்தாலும், தூக்க ஆள் வராத நாளில் குவியல் ஒரு விரல்கூட உயராது. “உன் மகள் காதுக்குள்ள உப்பு இருக்கு, வரப்பு இருக்கு, தூக்கற ஆளுக்குத்தான் கால் சரியில்ல” என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். “அப்ப குவியலு குட்டையா நின்னுடுச்சா?” என்று அவளே முடித்தாள்.

குட்டையாகத்தான் நின்றுவிடுகிறது. இதை விஞ்ஞானிகள் கண்ணாலேயே பார்த்தார்கள். ஷேக்கர்-2 என்று ஒரு வகை எலி. தலையை ஆட்டிக்கொண்டு வட்டமடித்துச் சுற்றும், காதும் கேட்காது. அதன் மயிர்ச்செல்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் கட்டையாக, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில். 1998-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மயோ-15ஏ மரபணு அடங்கிய ஒரு நீண்ட டிஎன்ஏ துண்டை ஷேக்கர்-2 எலியின் கருமுட்டையில் செலுத்தினார்கள். அதிலிருந்து பிறந்த எலிக்குக் காது கேட்டது. வட்டமடிக்கவும் இல்லை. 2005-இல் இன்னொரு சோதனை: ஷேக்கர்-2 எலியின் மயிர்ச்செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, நல்ல மயோசின்-15ஐ உற்பத்தி செய்யும் மரபணுவை உள்ளே சேர்த்தபோது, குட்டையாக நின்ற இழைகள் நீண்டன, விர்லின் நுனிக்குப் போய்ச் சேர்ந்தது. சுமைதூக்கி வந்தால் வேலை மறுபடி நடக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

2015-இல் இன்னொன்றும் தெரிந்தது. இந்த ஒரே மரபணுவிலிருந்து குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று என இரண்டு விதப் புரதங்கள் வருகின்றன. குட்டை வடிவம் முதலில் படிக்கட்டைக் கட்டுகிறது. நீள வடிவம் பிறகு வந்து, கட்டிய படிகள் தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நீள வடிவம் இல்லாத எலிகளில் படிகள் முதலில் ஒழுங்காக அமைந்தும், பின்னால் குட்டை வரிசை இழைகள் சுருங்கிப்போயின. அதாவது காதுக்குக் கட்டுமான வேலை போலவே பராமரிப்பு வேலையும் உண்டு, அதுவும் ஆயுள் முழுக்க.

மனிதர்களிடம் இந்த மரபணு எப்படி அகப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. பாலித் தீவின் வடக்கே பெங்காலா என்று ஒரு கிராமம். 1990-களில் அங்கே 2,185 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் 47 பேர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். இந்தோனேசிய, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் குடும்பங்களின் ரத்த மாதிரிகளை வைத்து 1995-இல் கோளாறு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். எலியிலும் மனிதரிலும் கோளாறு ஒரே மரபணுவில்தான் என்பது 1998-இல் உறுதியானது. அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆதாரமாக நின்றவை மூன்று குடும்ப வழிகள். ஒன்று பெங்காலா. மற்ற இரண்டும் இந்தியக் குடும்பங்கள், உறவுக்குள் திருமணம் செய்தவை. அந்தக் குடும்பங்களில் யாரோ ஒரு தாயும் ஊசிக்குக் கையை நீட்டியிருப்பாள். உலகத்தில் இன்றைக்கு எந்த நாட்டில் இந்த மரபணுவின் பெயர் அறிக்கையில் வந்தாலும், அதன் பின்னால் நம் குடும்பங்களும் இருக்கின்றன.

பெங்காலாவில் எனக்குப் பிடித்தது மரபணு மட்டுமல்ல. அங்கே காது கேட்கிறவர்களில் பெரும்பாலோரும் ஊர்ச் சைகை மொழி பேசுவார்கள். காட்டா கொலோக் என்று அதற்குப் பெயர். காது கேளாதவர் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். உறவுத் திருமணம் தமிழ்நாட்டில் இன்னும் நான்கில் ஒன்றுக்கு மேல் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. உப்பளத் தெருக்களில் இதற்குக் காரணம் இருக்கிறது. சீர் செலவு குறைவு. பெண் கண்காணாத இடத்துக்குப் போக மாட்டாள். தாய்மாமனைக் கட்டியவளுக்கு ஆயாவே மாமியார். அடித்தாலும் அணைத்தாலும் சொந்த ரத்தம். நான் இதை ஏளனமாகப் பார்க்கிறவள் இல்லை.

ஆனால் கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. மயோ-15ஏவில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையை முடித்துவிடும். காது நன்றாகவே கேட்கும். நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பழுதான பிரதிகள் வெளியே தெரியாமல் இருக்கின்றன. அந்த ஆயாவிடம் மயோ-15ஏவின் ஒரு பழுதான பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அவள் மகனுக்கும் போகிறது, மகளுக்கும் போகிறது. மகளிடமிருந்து பேத்திக்குப் போகிறது. பேத்தியை மகனுக்கே கட்டி வைத்தால், ஆயாவிடமிருந்து பிரிந்த இரண்டு வழியும் ஒரே தொட்டிலில் வந்து சேர்ந்துவிடுகிறது. கணவன் மனைவி இருவரிடமும் பழுதான பிரதி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதுக்கு வராது என்று சொல்ல முடியாது. கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும்.

காகிதத்தில் வட்டமும் கட்டமும் போட்டு இதைக் காட்டியபோது ஆயாவும் பக்கத்தில் இருந்தாள். “அப்ப என்கிட்டேர்ந்துதான் வந்துச்சா?” என்றாள். “உங்ககிட்டேர்ந்தும் வந்திருக்கலாம், தாத்தாகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம். அவங்களுக்கு அவங்க அப்பா அம்மா குடுத்தது. யாரு ஆயா கேட்டு வாங்குனாங்க?” என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கிரகணப் பேச்சு எழவில்லை.

எல்லாப் பிறவிக் காது கேளாமைக்கும் மயோசின்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் மரபுவழிக் காது கேளாமையில் அதிகம் அகப்படுவது ஜிஜேபி2 என்ற வேறொரு மரபணு. சென்னை தரமணியில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறை இதில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்திருக்கிறது. கர்ப்பத்தில் வரும் ருபெல்லா, குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று மரபணுவுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. மயோசின் குடும்பத்திலேயே இன்னொருவர் மயோசின்-7ஏ. அது பழுதானால் காதோடு கண்ணும் பாதிக்கப்படலாம். அஷர் நோய் என்பார்கள். பிள்ளை இருட்டினால் தடுமாறுகிறதா, நடக்கத் தாமதமானதா என்று நான் கேட்பது இதற்காகத்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் கண் மருத்துவரையும் உடனே காட்ட வேண்டும்.

மயோ-15ஏ அறிக்கையில் ஓர் ஆறுதல் உண்டு. கோளாறு மயிர்ச்செல்லின் இழையில். அதற்கு அடுத்து இருக்கும் செவி நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவி மயிர்ச்செல்லை விட்டுவிட்டு நேரே நரம்புக்கே மின் செய்தி கொடுப்பது. அதனால் இந்த வகைப் பிள்ளைகளுக்கு அது பொதுவாக நல்ல பலன் தருகிறது. பல லட்சம் ஆகும் இந்தச் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. ஆறு வயது வரை காத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் மூளைக்கு முதல் மூன்று வருடத்தில்தான் உச்சம். கருவி வைத்த பிறகு பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு கவனமும் தேவை: உப்புக் காற்றும் வியர்வையும் வெளிக்கருவியை அரித்துவிடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து உலர்த்தச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன்.

மரபணு சிகிச்சை வந்துவிட்டதாமே என்று செய்தி பார்த்தவர்கள் கேட்கிறார்கள். ஓட்டோஃபெர்லின் என்ற வேறொரு புரதம் இல்லாத குழந்தைகளுக்கு அந்தச் சிகிச்சையால் காது கேட்கத் தொடங்கியது உண்மை. சீனாவில் செய்த சோதனையின் முடிவு 2024 தொடக்கத்தில் வெளியானது. மயோசின்-15க்கு அது அவ்வளவு சுலபமில்லை. மரபணுவை ஏற்றிச் செல்லும் வைரஸ் சுமார் 4,700 எழுத்துகள் கொண்ட டிஎன்ஏவைத்தான் தாங்கும். மயோசின்-15இன் நீள வடிவத்துக்கான செய்முறை 10,000 எழுத்துகளைத் தாண்டும். துண்டு துண்டாக அனுப்பி உள்ளே ஒட்ட வைக்க வேண்டும். அதற்கும் மேலாக, மனிதக் குழந்தைக்குப் படிக்கட்டு அமைவது பிறப்பதற்கு முன்பே. அதனால் இன்றைக்குப் பிறந்த குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சிகிச்சைக்காகக் காத்திருப்பது சரியில்லை.

என் தம்பிக்கு யாரும் எந்தச் சோதனையும் செய்யவில்லை. அவன் பிறந்த காலத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்று உப்பளத்தில் அவன் நல்ல வேலைக்காரன். எங்கள் வீட்டுச் சைகையில் மழை என்றால் விரல்களைக் கீழே உதிர்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று துடைத்துக் காட்டுவான். மழை வந்தால் விளைந்த உப்பு போய்விடும், அவ்வளவு விஷயமும் அதில் அடக்கம். அவனுக்கு நல்ல அறிவு. ஆனால் பள்ளியில் முறையான சைகை மொழி கிடைக்காததால் படிப்பு நின்றுபோனது. கருவி வைத்த பிள்ளைக்குச் சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று சிலர் தடுக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. எந்த வழியாகவாவது மொழி சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். இரண்டு வழி இருந்தால் இரண்டும் திறந்திருக்கட்டும்.

பிறந்த குழந்தைக்கு ஓஏஇ என்று ஒரு காதுப் பரிசோதனை இருக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை தூங்கும்போது காதில் மெல்லிய முனையை வைத்து ஒலி அனுப்புவார்கள். வெளிவரிசை மயிர்ச்செல்கள் நன்றாக இருந்தால் காதே திருப்பி ஒரு மெல்லிய ஒலி எழுப்பும். அந்த ஒலிக்குப் பின்னால் இருப்பதும் ஓர் இயக்கப் புரதம்தான், பிரெஸ்டின் என்று பெயர், 2000-இல் கண்டுபிடித்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் தேறாத குழந்தையை மறுபடி சோதித்து, பெரா என்ற அடுத்த பரிசோதனையில் உறுதிசெய்வார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கால அளவு.

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் “ஓஏஇ பண்ணியாச்சா?” என்று கேளுங்கள். பண்ணவில்லை என்றால் எங்கே பண்ணுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குக் காது கேட்காது என்றால், அந்த வீட்டில் இன்னொரு உறவுத் திருமணம் பேசுவதற்கு முன் மரபியல் ஆலோசனைக்குப் போய் வாருங்கள். “அப்பனே லேட்டாத்தான் பேசினான்” என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.